காது கேட்கும் கருவி வல்லுநர்: படிப்பு, பதிவு, வேலைவாய்ப்பு

செவித்திறன் குறைந்தவரின் காதைச் சோதித்து, அவருக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுத்து, அதை அவருடைய கேட்கும் அளவுக்குப் பொருந்துமாறு அமைத்துத் தந்து, அது பழகும்வரை உடனிருந்து உதவுபவர் காது கேட்கும் கருவி வல்லுநர். வேலை விளம்பரங்களில் 'ஹியரிங் எய்டு ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயரைப் பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் அந்தப் பெயரில் ஒரு பட்டமும் இல்லை, தனி உரிமமும் இல்லை. இந்த வேலையைத் தேடும் மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

குழப்பம் பெரும்பாலும் அமெரிக்க இணையப் பக்கங்களைப் படிப்பதால் வருகிறது. அங்கே கருவி பொருத்துநருக்கு மாநில அரசுகள் தனி உரிமம் தருகின்றன. கேட்பியலாளர், அதாவது ஆடியாலஜிஸ்ட் ஆவதற்கோ அத்துறைக்கே உரிய டாக்டர் பட்டம் தேவை. இரண்டும் வேறு வேறு தொழில்கள். இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே இத்துறையை ஆள்வது 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம். அச்சட்டம் தரும் மறுவாழ்வுத் தொழிலர் பட்டியலில் கேட்பியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரு வகை. காது கேட்கும் கருவி, காது அச்சுத் தொழில்நுட்பர் இன்னொரு வகை. இவர்கள் அனைவரும் கழகத்தின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்த பிறகே தொழில் செய்யலாம். பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 1992இல் எழுதிய அந்த அபராதத் தொகை இன்று ஒரு நல்ல கருவியின் பேட்டரிச் செலவுக்கே சில மாதம்தான் வரும். பதிவில்லாதவர்களும் கடைகளில் உட்கார்ந்து கருவி விற்பதற்குச் சட்டத்தின் இந்த மென்மையும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

வேலையின் தன்மை

கருவியைக் காதில் மாட்டிவிட்டால் கேட்கும் என்பது பொதுவான எண்ணம். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிவாவது போல இது நடப்பதில்லை. ஏன் என்று புரிந்தால்தான் இந்த வேலைக்கு ஏன் படித்தவர் தேவை என்பதும் புரியும்.

முதுமையாலும் இரைச்சலாலும் வரும் செவிக்குறைவு பொதுவாக உயர் அதிர்வெண் ஒலிகளையே முதலில் பாதிக்கிறது. உயிர் ஒலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை காதில் விழுந்துகொண்டே இருக்கும். க, ச, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடுகளில் பல உயர் அதிர்வெண்களில் இருப்பதால் அவை நழுவிவிடும். கடை, தடை, படை, சடை ஆகிய நான்கும் அந்தக் காதுக்கு ஏறக்குறைய ஒரே சொல்தான். "கடைக்குப் போகணுமாப்பா?" என்று மகள் கேட்க, "இப்போ எதுக்கு வடை?" என்று அப்பா பதில் சொல்வது வீட்டில் சிரிப்பாக முடியும். ஆனால் அவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகத் தொடங்குவது அங்கிருந்துதான். இத்தகையவர்கள் மையத்துக்கு வந்தால் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக ஒன்றுதான்: "சத்தம் கேக்குது சார், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல."

எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெரிதாக்கும் மலிவான பெருக்கி இவருக்கு உதவாது. ஏற்கெனவே கேட்கும் தாழ்ந்த ஒலிகள் காதைக் குத்தும்; கேளாத மெய்யொலிகள் அப்போதும் தெளியாது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவு என்று அளந்து, அந்தந்த இடத்தில் தேவையான அளவு மட்டும் ஒலியைக் கூட்ட வேண்டும்.

அதற்கான முதற்படி காதுக்குள் பார்ப்பது. ஓட்டோஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். காதில் சீழ், வலி, தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் குறைவு, ஓரிரு நாளில் திடீரெனக் கேட்காமல் போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கருவிப் பேச்சை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திடீர்ச் செவிக்குறைவு அவசர மருத்துவம் சார்ந்தது. தொடக்க நாள்களிலேயே சிகிச்சை கிடைத்தால் கேட்கும் திறன் மீள வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் கருவி விற்றவர், விற்பனையில் வென்றாலும் நோயாளிக்குத் தீங்கு செய்தவர்.

அடுத்தது ஆடியோமெட்ரி. ஒலி அடங்கிய அறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியை டெசிபலில் குறிக்கிறார்கள். காது வழியாகவும் எலும்பு வழியாகவும் தனித்தனியே சோதித்தால்தான் கோளாறு நடுக்காதிலா உள்காதிலா என்பது தெரியும். பிறகு பேச்சுச் சோதனை. இதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டு, தமிழ் பேசுபவர் செய்ய வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியலைத் தமிழ் மூதாட்டியிடம் வாசித்தால் அது காதுக்கான சோதனை ஆகாது, ஆங்கிலத்துக்கான சோதனை ஆகிவிடும்.

காதுக்குள் செருகும் வகைக் கருவிகளுக்கும், காதுக்குப் பின்னால் மாட்டும் திறன்மிகு கருவிகளுக்கும் காது அச்சு எடுக்க வேண்டும். நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பைக் காதுக்குழாயின் உள்ளே வைத்து, சிலிக்கான் குழைவைப் பீச்சி, அது இறுகும்வரை சில நிமிடம் காத்திருந்து எடுப்பார்கள். தடுப்பு சரியாக அமையாவிட்டால் குழைவு செவிப்பறை வரை போய் ஒட்டிக்கொள்ளும். முன்பு காதில் அறுவை செய்தவரிடமும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவரிடமும் இந்த ஆபத்து மிக அதிகம். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, பல காதுகளில் செய்து பார்த்துத்தான் கை பழகும்.

பொருத்துதல் இன்று கணினியில் நடக்கிறது. நோவா என்ற பொது மென்பொருளில் சோதனை முடிவைப் பதிந்து, கருவி நிறுவனத்தின் மென்பொருளைத் திறந்தால், ஆஸ்திரேலிய தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த என்ஏஎல்-என்எல்2 போன்ற ஒரு சூத்திரப்படி முதல் அமைப்பை அதுவே போட்டுக் கொடுக்கும். பல இடங்களில் வேலை இந்தப் பொத்தானோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொருவரின் காதுக்குழாயும் நீளத்திலும் அகலத்திலும் வேறுபடுவதால், கணினி காட்டும் அளவும் செவிப்பறையருகே உண்மையில் சேரும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு அந்த உண்மையான அளவை அளக்கும் முறைக்கு 'ரியல் இயர்' அளவீடு என்று பெயர். இதைச் செய்யும் மையத்துக்கும் செய்யாத மையத்துக்கும் உள்ள வேறுபாடு, அளவெடுத்துச் சட்டை தைப்பதற்கும் ஆயத்தச் சட்டையை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், பல ஆண்டு அமைதிக்குப் பழகிய மூளைக்கு மின்விசிறிச் சத்தமும் பாத்திரம் தேய்க்கும் ஒலியும் முதலில் தாங்க முடியாத இரைச்சலாகவே இருக்கும். முதல் வாரத்திலேயே கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. நாளுக்குச் சில மணி நேரம் வீட்டுக்குள் போட்டுத் தொடங்கி, பிறகு இருவர் பேச்சு, பிறகு கூட்டம், கடைசியாகக் கல்யாண மண்டபம் என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். பேட்டரிகூடப் பாடம்தான். துத்தநாகக் காற்று பேட்டரியின் மேல் ஒட்டிய தாளை உரித்ததும் காற்று உள்ளே புகுந்து அது வேலைசெய்யத் தொடங்கும். பிறகு நிறுத்த முடியாது. வசதிக்காக ஆறு பேட்டரியின் தாளையும் ஒரே நாளில் உரித்து வைத்துவிட்டு, பேட்டரி மட்டம் என்று குறைப்படும் தாத்தாக்களை எல்லா மையத்தாரும் அறிவார்கள். 675க்கு நீலம், 13க்கு ஆரஞ்சு, 312க்குப் பழுப்பு, 10க்கு மஞ்சள் என்று தாளின் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பல டிஜிட்டல் கருவிகள், நாளுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிந்துவைக்கின்றன. அடுத்த வருகையில் கணினியோடு இணைத்ததும் அந்த எண் திரையில் வரும். "தினமும் போடறேன்" என்று சொல்பவரின் கருவி 20 நிமிடம் என்று காட்டலாம். அவரைக் குற்றம் சொல்லாமல், எங்கே உறுத்துகிறது, எது இரைகிறது என்று கேட்டறிந்து திருத்துவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

படிப்பும் பதிவும்

முழுத் தகுதிக்கான வழி பிஏஎஸ்எல்பி எனப்படும் கேட்பியல், பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் போன்ற பாடம் படித்திருக்க வேண்டும். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையின் தாய்வீடு. மும்பையில் 1983 முதல் அலி யாவர் ஜங் நிறுவனம் உள்ளது. தமிழ்நாட்டில் சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னையின் மெர்ஃப் நிறுவனம் முதலிய இடங்களில் இப்பட்டப்படிப்பு இருக்கிறது.

நான்கு ஆண்டு படிக்க இயலாதவர்களுக்கு ஓராண்டுப் பட்டயங்கள் உண்டு. டிஎச்எல்எஸ் என்ற செவி, மொழி, பேச்சுப் பட்டயம் முடித்தவர் செவிச்சோதனை உதவியாளராக வேலை செய்யலாம். கருவி பழுது பார்த்தல், அச்சு வார்த்தல் ஆகியவற்றுக்கென மைசூர் நிறுவனம் தனிப் பட்டயம் நடத்துகிறது. கைவேலையில் நாட்டமுள்ளவர்களுக்கு இது நல்ல வழி. இதை முடித்தவர்களை ஆய்வகங்களும் பழுதுநீக்கும் மையங்களும் தேடுகின்றன, ஆனால் மாணவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை.

எந்தப் படிப்பானாலும் சேரும் முன், அந்த ஆண்டுக்கு அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கழகத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிட வேண்டும். அங்கீகாரமில்லாத சான்றிதழ்ப் படிப்பை முடித்தவரால் பதிவு பெற முடியாது. கட்டிய பணமும் போன காலமும் திரும்பாது. பதிவு பெற்ற பின்னும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

வேலை கிடைக்கும் இடங்கள்

அதிக வேலைகள் இருப்பது தனியார் கருவி மையங்களில்தான். சிக்னியா, ஃபோனாக், ஓட்டிகான், வைடெக்ஸ், ரீசவுண்ட், ஸ்டார்க்கி போன்ற உலக நிறுவனங்களின் கருவிகளை விற்கும் மையங்கள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. படிப்பை முடித்தவருக்கு விரைவில் வேலை கிடைக்கும் இடம் இதுவே. சம்பளத்தோடு விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் மாத இலக்கும் இருப்பது வழக்கம். இலக்கு என்பதே தவறு என்று சொல்வதற்கில்லை. கடை நடந்தால்தான் சம்பளம் வரும். ஆனால் மாதக் கடைசியில், கருவியே தேவைப்படாதவரும் விலை குறைந்த கருவி போதுமானவரும் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, என்ன சொல்வது என்ற கேள்வி வரும். அதற்கான பதில் வேலையில் சேரும் முன்பே மனத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சேர்ந்தால் பெரும்பாலும் சோதனை வேலை. தொடக்கச் சம்பளம் மையங்களைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் ஒரே நாளில் பிறந்த குழந்தை முதல் அறுவை முடித்தவர் வரை பலவகைக் காதுகளைப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் கேட்க மருத்துவர் அடுத்த அறையில் இருப்பார். புதிதாக வருபவர் முதல் ஓரிரு ஆண்டை இங்கே கழிப்பது பிற்காலத்துக்கு நல்ல முதலீடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

அரசுப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. 2007இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய தேசியச் செவிட்டுத்தன்மைத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் செவிச்சோதனை உதவியாளர் இடங்கள் உள்ளன. குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் கேட்பியலாளர் இடம் உண்டு. இவற்றுக்கான அறிவிப்பை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வெளியிடும். மாவட்ட இணையதளத்தில் வந்து குறுகிய காலத்தில் முடிந்துவிடும் என்பதால், வேலை தேடுபவர் தம் மாவட்டத்தோடு நிற்காமல் பக்கத்து மாவட்டங்களின் தளங்களையும் பார்த்துவருவது நல்லது.

குழந்தைகள் சார்ந்த வேலைக்கு இன்று ஆள் தேவை மிகுதி. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. அதைத் தவறவிட்டால் குழந்தையின் மொழி வளர்ச்சி பின்தங்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை நடைபெறுகிறது. அறுவை ஒரு நாள் வேலை. அதன்பின் கருவியைத் திரும்பத் திரும்ப அளவமைக்கும் 'மேப்பிங்'கும் கேட்டுப் பேசும் பயிற்சியும் ஆண்டுக்கணக்கான வேலை. அந்த ஆண்டுகளுக்குத் தமிழ் பேசும் வல்லுநர்கள் வேண்டும்.

தொழிற்சாலைகளும் ஒரு வாய்ப்பு. இரைச்சலால் வரும் செவிக்குறைவு சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். தொழிலாளருக்குச் செவிச்சோதனை செய்து தரும் நிறுவனங்களில் பட்டயம் முடித்தவர்களுக்கும் இடம் கிடைக்கும். விசைத்தறி ஓடும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போய் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இதன் தேவை தானே விளங்கும். சிறு பட்டறைகளுக்குத்தான் இந்தச் சோதனை இன்னும் போய்ச் சேரவில்லை.

கருவி நிறுவனங்களில் பயிற்சியாளர், தயாரிப்பு விளக்குநர் போன்ற பணிகளும் இருக்கின்றன. அனுபவமும் பயணம் செய்யும் மனமும் உள்ளவர்களுக்கு அவை பொருந்தும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது

மதிப்பெண் பட்டியலைவிட முதலில் கேட்கப்படுவது மறுவாழ்வுக் கழகப் பதிவு எண். அதை விண்ணப்பத்தின் மேற்பகுதியிலேயே எழுதிவிடலாம். உள்ளகப் பயிற்சியில் எத்தனை அச்சு எடுத்தோம், எந்தெந்த மென்பொருளில் பொருத்தினோம், எத்தனை குழந்தைகளைச் சோதித்தோம் என்று கணக்கு வைத்திருப்பவர் தனித்துத் தெரிவார். ஒரு செவிப்பதிவுத் தாளைக் கையில் கொடுத்து, "இவருக்கு என்ன கருவி தருவீர்கள்?" என்று கேட்பது வழக்கமான சோதனை. உடனே ஒரு மாடலின் பெயரைச் சொல்லாமல், அவருடைய வயது, வேலை, விரல் நடுக்கம், வீட்டில் யார் துணை என்று எதிர்க்கேள்வி கேட்பவரே வேலை தெரிந்தவர். நடுங்கும் விரலுக்கு மிகச் சிறிய கருவியைத் தந்தால் அவரால் பேட்டரி மாற்ற முடியாது. எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் பயனில்லை.

விண்ணப்பதாரரும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒலி அடங்கிய அறை இருக்கிறதா? ஆடியோமீட்டரைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள்? ரியல் இயர் கருவி உண்டா? விற்ற பிறகு வரும் தொடர் வருகைகளுக்கு நேரம் ஒதுக்குகிறார்களா, அல்லது அது சொந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலையா? முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவரின் கீழ் வேலையா, அல்லது முதல் நாளே கிளையைத் தனியாகப் பார்க்க வேண்டுமா? கூச்சத்தால் இவற்றைக் கேட்காமல் சேர்ந்து, சந்தை இரைச்சல் புகும் அறையில் திரைச்சீலை ஒன்றை இழுத்துவிட்டுச் சோதனை செய்யும் நிலைக்கு ஆளாகும் புதியவர்கள் இருக்கிறார்கள். அங்கே எடுக்கும் அளவு தவறாகவே வரும். அதன்மேல் பொருத்தும் கருவியும் தவறாகும். பழி மட்டும் பொருத்தியவர் மேல் விழும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வேலையை விட்ட பின் அதே ஊரில் வேறு மையத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையோ, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் நிபந்தனையோ இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே முறை.

வெளிநாடும் சொந்த மையமும்

வளைகுடா நாடுகளில் வேலை செய்ய அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் சான்று சரிபார்ப்பும் தேர்வும் உண்டு. பிரிட்டனில் 'ஹியரிங் எய்டு டிஸ்பென்சர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அங்குள்ள சுகாதாரத் தொழில்கள் மன்றமான எச்சிபிசியில் பதிந்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், மிதமான அளவு வரை செவிக்குறைவு உள்ள பெரியவர்கள் பரிந்துரைச் சீட்டும் சோதனையும் இன்றிக் கடையிலேயே கருவி வாங்கிக்கொள்ள வழி வந்துவிட்டது. கருவியை விற்பதை மட்டும் தொழிலாகக் கொண்டவரை இது அசைக்கும். சோதிக்கவும் பொருத்தவும் பழக்கவும் தெரிந்தவரிடம், அப்படி வாங்கிய கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் சேர்ந்து வருவார்கள். 2050இல் உலகில் 70 கோடிப் பேருக்குச் செவித்திறன் மறுவாழ்வு தேவைப்படும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது.

சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் சொந்த மையம் தொடங்குபவர்கள் பலர். ஆடியோமீட்டர், நடுக்காது அழுத்தம் அளக்கும் டிம்பனோமீட்டர், ஒலி அடக்கிய சிறு அறை, கணினி இணைப்புக் கருவி ஆகியவை தொடக்கத் தேவைகள். வாடகைக்கு இடம் பார்க்கும்போது பேருந்து நிலையத்துக்கு அருகே என்பது விளம்பரத்துக்கு நல்லது, சோதனைக்குக் கெடுதல். மாடி என்றால் மின்தூக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருபவர்களில் பெரும்பாலோர் முழங்கால் வலியுள்ள முதியவர்கள். தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் எண்ணையும் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதுவது நல்லது. காது கேளாதவர் அழைத்துப் பேச மாட்டார், எழுதித்தான் கேட்பார்.